மூன்று பக்க நிலா

அந்தச் சரித்திரக் கதையில் எனக்கு இளவரசனையும் பிடிக்கும், இளவரசியையும் பிடிக்கும். குதிரையை விட்டு இறங்கினால் அவன் முதலில் அதற்குத் தண்ணீர் காட்டுவான். அவளோ எவ்வளவு கோபம் வந்தாலும் சாப்பாட்டில் காட்டமாட்டாள். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரு வார்த்தை பேசவிடாமல் நடுவில் ஒரு தோழி நிற்பாள். வாய் மூடாத பிறவி. அவளைக் கண்டாலே எனக்கு எரியும்.

கதையை எங்களுக்கு வாசித்துக் காட்டுபவர் என் சம்பந்தி, மருமகளின் தாய். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் எங்களோடு இருந்தார். தொடராக வந்த கதையை யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து நூலால் தைத்து வைத்திருந்தார்கள். அதை இரவல் வாங்கி வந்தவரும் அவர்தான். மத்தியானத்தில் அவர் வாசிக்க, நானும் மருமகளும் விதைக்குக் கச்சான் கடலை உடைப்போம். வாசிக்கிறவர் கச்சான் உடைக்கத் தேவையில்லை. அந்தச் சட்டம் நான் போட்டது.

தோழி வந்துவிட்டால் சம்பந்திக்குக் குரல் ஏறும். அவள் அழுதது, பூக்கட்டியது, தும்மியது ஒன்றையும் விடமாட்டார். இளவரசனும் இளவரசியும் நந்தவனத்தில் சந்தித்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டுவார்.

“அதிலை என்ன மச்சாள் கிடக்கு?”

“நிலாவைப் பற்றி எழுதியிருக்கு.”

“மூண்டு பக்கத்துக்கோ?”

“பெரிய நிலா.”

மருமகளுக்குச் சிரிப்பு. “அம்மா, எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு.”

“இருக்கட்டும். பெத்த பிள்ளைக்கு முன்னாலை என்ரை வாயாலை அதெல்லாம் வராது.”

கொண்டாருங்கோ, நான் வாசிக்கிறன் என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும். ஆனால் நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். அதைச் சம்பந்தி கேட்பதை விட, கேளாமல் இருப்பதே எனக்கு மரியாதை.

புத்தகத்துக்குரியவர்கள் மறுநாள் காலை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குக் கடைசி அத்தியாயம். போருக்குப் போன இளவரசன் திரும்பி நந்தவனத்துக்குள் நுழைந்தான். சம்பந்தி கண்ணாடியைத் துடைத்தார்.

“சேர்ந்திட்டினம். கதை முடிஞ்சுது.”

“வந்தவன் என்ன சொன்னவன்?”

“என்னத்தைச் சொன்னால் என்ன? சேர்ந்திட்டினம்தானே.”

புத்தகத்தை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். மருமகளும் பிள்ளைகளைத் தேடிப் போனாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, கச்சான் கிடந்த சுளகோடும் புத்தகத்தோடும் குசினிக்குள் புகுந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினேன். அவன் வந்தான் என்பதை வாசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கையைப் பிடிக்கிறான், வாயைத் திறக்கிறான், அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல்.

“மச்சாள், என்ன செய்யிறியள்?” ஈரத்தலையோடு சம்பந்தி.

“நிலாப் பாக்கிறன்.”

ஒளிக்க இடமில்லை. வருவது வரட்டும் என்று விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, உரத்தே வாசித்தேன். “நீ… சாப்… பிட்… டாயா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இதைச் சொல்லவோ உங்களுக்கு இவ்வளவு வெக்கம்?”

சம்பந்தி சிரிக்கவில்லை. திரும்பி முற்றத்தைப் பார்த்தார். மகள் இல்லை. கச்சான் சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

“அதுக்குப் பிறகும் கிடக்கு,” என்றார். “வாசியுங்கோ. மெல்லமாய்.”

மீதிக் கச்சான் முழுவதையும் அன்று சம்பந்திதான் உடைத்தார். நான் மெல்லமாய்த்தான் வாசிப்பேன்.