மூடியில் வைத்த சந்தனம்

பழுது பார்த்து முடித்த எங்கள் பழைய டிராக்டருக்கு மகன் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். சந்தனமும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் ஓர் ஆயுத பூசைக்குப் போய்விட்டேன்.

அப்பா உழவு மாடுகளை விற்றுவிட்டு இந்த டிராக்டரை வாங்கிய வருஷம். அவர் தங்கை, என் அத்தை, கல்யாணப் பெண்ணைப் போல வண்டியை அலங்கரித்தாள். ஓர் இடம் விடாமல் சந்தனம். மறுநாள் உழப் போனால், பாதியில் இருமிவிட்டு நின்றது. ஆறவிட்டால் கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். மேற்கே வானம் கறுத்தது. மழை விழுந்துவிட்டால் எங்கள் கரிசலில் டிராக்டரை இறக்க முடியாது. மாடும் இல்லை.

“இம்புட்டு எண்ணெய் ஊத்துனேனே, எங்க போச்சு?” என்று அப்பா டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. எண்ணெய் இறங்க, காற்று உள்ளே போவதற்காக மூடியிலிருந்த பொடித் துளையைச் சந்தனம் அடைத்திருந்தது.

“மூச்சை அடைச்சுப்புட்டியேத்தா!”

“அதுக்கும் மூச்சு உண்டுன்னு எனக்கென்னண்ணே தெரியும்?” என்று கஞ்சி கொண்டு வந்திருந்த அத்தை கொண்டை ஊசியால் துளையைக் குத்திவிட்டாள். முதல் தூறலுக்குள் கரிசல் காடு முழுக்க உழுது முடிந்தது. அப்பா நனைந்துகொண்டே சிரித்தார்.

மகனின் விரல் டேங்க் மூடிக்குப் போனது.

“அங்க மட்டும் வேணாம்யா,” என்றேன். “அது மூச்சு விடட்டும்.”