சரிதா நின்ற இடம்

மலர்கொடிக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பாள் அம்மா. ஆனால் கூட விளையாடும் சரிதாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து அவள் திருச்சிக்குப் போன பிறகு அந்தக் கால் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! பஸ்ஸில் உட்கார்ந்தால் ஆடியது, வகுப்பில் பெஞ்சு ஆடியது, சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் குழம்பு தளும்பியது.

"தையல் மெஷினாடி அது? சோத்தத் துன்னுட்டு ஆட்டேன்" என்றார் அப்பா கொளஞ்சியப்பன். மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் ஆள் அவர்.

எப்படி ஆடாமல் இருக்கும்? பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் நெய்வேலிப் பெண்கள் அரையிறுதிக்கு வந்தாயிற்று. லீக் முழுக்கப் பாதிப் புள்ளிகளைத் தனியாளாக அள்ளிப்போட்ட சரிதா இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் அணியோடு ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மலர்கொடிக்கு இது கடைசி வருஷம். அரையிறுதியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி உண்டு. சரிதா போனதும் அந்த வழியாகத்தான்.

அங்கேதான் மலர்கொடிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன்? பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பந்தைத் தொட்டபோதே விளையாட்டு ஆசிரியர் சொல்லிவிட்டார்: "நீ குட்டை. பந்தை எடுத்துகினு வந்து நெட்டைகிட்ட குடு." அன்றிலிருந்து அவள் பிழைப்பு அதுதான். எதிரிகளுக்கு நடுவே புகுந்து, இடுப்பில் இடி வாங்கி, பந்தைக் கொண்டுவந்து "சரிதா!" என்று ஒரு குரல். வளையத்துக்கு இடப்பக்கம் சரிதா நிற்பாள். வாங்குவாள், திரும்புவாள், போடுவாள். கைதட்டல் அவளுக்கு, பேப்பரில் போட்டோ அவளுக்கு. சரிதா குவார்ட்டர்ஸ் பெண், அப்பா பர்மனென்ட். மலர்கொடியின் ஊரோ அவள் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்துக்குள் போய்விட்டது. டவுன்ஷிப்புக்கு வெளியே காலனியில் ஓட்டு வீடு. 'நான் குடுத்த பந்துலதானடி உனக்கு வேலை' என்று போனில் கேட்டுவிடப் பலமுறை எடுத்தாள். சரிதாவின் குரலைக் கேட்டதும் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள்.

சரிதாவுக்குப் பதிலாக வந்தவள் அபி. முதல் வருஷம், சேத்தியாத்தோப்புப் பெண். உயரத்துக்குக் குறைவில்லை, கைதான் ஓட்டை. பத்தாததற்கு, சரிதா நின்ற இடத்தில் நிற்கவே மாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் நழுவிவிடுவாள்.

"அங்க என்னா பாம்பா கெடக்குது?" என்று கத்தினாள் மலர்கொடி.

"அது சரிதா அக்கா எடங்க்கா. அங்க நின்னா கையே ஓட மாட்டேங்குது."

விளையாட்டுத் துறை தமயந்தி மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து மலர்கொடி புலம்பியபோது கொளஞ்சியப்பன் சட்டையை மாட்டியபடி கேட்டார்.

"அடுத்த ஷிப்டு ரிலீவர் வந்து நின்னாத்தான் நான் பெல்ட்ட வுட்டு நவுர முடியும். உங்க ஆளு யார நிக்க வச்சுட்டுப் போச்சு?"

"யாரையும் நிக்க வைக்கலப்பா."

"அப்ப அந்த எடம் இன்னும் அவ பேர்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். நல்ல ஆறுதல்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு சாயங்காலம் கேலரி நிறைய ஜனம். லீவு போட்டுவிட்டு சரிதாவும் வந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் மலர்கொடியின் கால் இன்னும் வேகமாக ஆடியது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தொப்பி வைத்த தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரிதாவைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

ஆட்டம் தொடங்கியதும் மலர்கொடி பந்தோடு பாய்ந்தாள். இரண்டு பேரைக் கடந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரிதா!"

பந்து இடப்பக்கம் பறந்தது. அங்கே ஆளில்லை. கோட்டைத் தாண்டி உருண்டுபோய்த் தண்ணீர்ப் பானையில் மோதியது. கேலரி மொத்தமும் சிரித்தது. மேல்படியில் சரிதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மலர்கொடிக்கு அங்கேயே குழி தோண்டிப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. சரி, ஒரு முறை தவறலாம். ஆனால் பாழாய்ப்போன வாய் அடங்கினால்தானே? கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "சரிதா!" என்றது, மறுபடியும் பந்து வெளியே போனது.

இரண்டாவது முறை பந்தைப் பார்க்க வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடலூர்ப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் காலி இடத்தைக் கையை விரித்து அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளே இல்லாத இடத்தை! மூன்று வருஷமாக இவர்களோடு மோதிய கால்கள் அல்லவா அவை? பேரைக் கேட்டதும் தாமாகவே ஓடிவிட்டன.

இடைவேளையில் தமயந்தி மேடம், "அந்தப் பேரை இனிமே எடுத்தியானா உன்ன வெளிய உக்கார வச்சிடுவேன்" என்றார்.

"மேடம், ரெண்டாவது பாதியிலயும் அந்தப் பேரத்தான் கூப்பிடப் போறேன். அபி, நீ வலப்பக்கமே நில்லு. நவுந்த, கால ஒடச்சிடுவேன்."

அபிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வலப்பக்கம் நிற்கச் சொன்னதே பெரிய நிம்மதி அவளுக்கு.

"சரிதா!" என்று மலர்கொடி இடப்பக்கம் பார்த்துக் கூவினாள். கடலூர்க் கால்கள் இடப்பக்கம் ஓடின. பந்து வலப்பக்கம் போயிற்று. அபி தனியாக நின்று போட்டாள். இன்னொரு முறையும் அப்படியே.

"அவ கேலரியில உக்காந்துகினு இருக்காடி! திரும்பிப் பாருங்கடி!" என்று கடலூர் கோச் தொண்டை கிழியக் கத்தினார். திரும்பிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். அடுத்த முறை பேர் காதில் விழுந்ததும் மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? மலர்கொடியின் வாயே அவள் பேச்சைக் கேட்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். மலர்கொடி மூச்சிரைக்கப் பந்தைக் கொண்டுவந்து, அடிவயிற்றிலிருந்து அந்தப் பேரைக் கூப்பிட்டாள். மேல்படியில் சரிதா தன்னை அறியாமல் எழுந்து கையை நீட்டிவிட்டாள். பந்து அபியிடம் போனது. அந்த ஓட்டைக் கையில் பட்டு நழுவி, முழங்கையில் இடித்து, எப்படியோ மறுபடி கைக்கு வந்தது. பலகையில் தட்டிக் கூடைக்குள் விழுந்தது. விசில் ஊதியாயிற்று.

சரிதா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என் பேரச் சொல்லியே ஜெயிச்சிட்டியேடி!"

"மூணு வருசமா என் பந்த வாங்கிகினு போனியே. இன்னிக்கு ஒரு நாளு உன் பேர வாங்கிகினேன்" என்றாள் மலர்கொடி. சொன்ன பிறகுதான் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தெரிந்தது. சரிதா பிடியை விடவில்லை.

அபியைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரர் தமயந்தி மேடத்திடம் கேட்டது மலர்கொடியின் காதில் விழுந்தது. "அந்த உயரமான பொண்ணு பேரு என்ன?"

இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே கேள்விதான். அன்றைக்கு மலர்கொடி பந்தைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சரிதாவின் கையை விலக்கிவிட்டு நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"அவ பேரு அபி சார். அவளுக்குப் பந்து குடுத்தவ பேரு மலர்கொடி. அதையும் எழுதிக்குங்க."

"ஏய்!" என்று மேடம் கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை, கால் மட்டும் ஆடியது.

அவர் தொப்பியை நிமிர்த்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "இல்லாத பொண்ண எதுக்கும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்த?"

"இல்லாத பொண்ணத்தான் சார் அவங்க காவல் காத்துகினு இருந்தாங்க. நீங்களும் அந்தப் பக்கந்தான் பாத்தீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இனிஷியல் என்னம்மா?"

"கே சார்" என்றாள். "கொளஞ்சியப்பன்."