அந்தோணி அண்ணன் வண்டிக்கு பிரேக் இருந்தது

அந்தோணி அண்ணன் இறந்துபோன செய்தியும் அவரைப் பற்றிய பொய்யும் ஒரே வாட்ஸ்அப் தகவலில் எனக்கு வந்து சேர்ந்தன. திண்டிவனத்தில் என் கடையில் ஒருவருக்கு பேரிங் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் இருக்கிற குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "திருவெண்ணெய்நல்லூர் அருகே பாலம் ஏற்றத்தில் விபத்து. காணை அந்தோணிசாமி மரணம். பழைய பிக்கப், பிரேக் பிடிக்கவில்லை. ஆழ்ந்த இரங்கல்." அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவராவது "அவர் வண்டிக்கா பிரேக் பிடிக்கவில்லை?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அது இன்னும் இறங்கவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் கொஞ்சம் சூடு இருக்கும், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அந்தக் குழுவிலேயே கும்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தோணிசாமி அண்ணன் காணை கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். அண்ணன் பல வருடம் லாரி ஓட்டினார். பிறகு ஏலத்தில் ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப்பை எடுத்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. அதைச் சரிசெய்து, சேற்றில் மாட்டியதையும் வழியில் படுத்துவிட்டதையும் இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். விழுப்புரம் பக்கம் ஏரிக்கரையில் டிராக்டர் இறங்கிவிட்டால் முதலில் அவருக்குத்தான் போன் போகும்.

என் பெயர் பத்மா. செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர், நயினார் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு உதிரிபாகக் கடையை நான் நடத்துகிறேன். பழைய ஜீப்புகளுக்கான சாமான் எங்கள் கடையில் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, அண்ணன் ஒருநாள் பஸ் ஏறி வந்தார். விழுப்புரத்தில் கேட்ட இடத்தில் எல்லாம் "காயலாங்கடையில போட்டுட்டு வேற வேலை பாரு" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

ஏலத்தில் வண்டி எடுத்தவர்கள் முதலில் என்ன வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். காதைக் கிழிக்கும் ஹார்ன், கூரைமேல் வரிசையாக விளக்கு, அகலமான டயர். அண்ணன் கேட்டது பிரேக் ஷூ, மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஹோஸ்.

"முதல்ல இன்ஜின் ஓடுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் பாக்கல தங்கச்சி. ஓட்றது இருக்கட்டும். பின்னாடி ஒரு லோட மாட்டிக்கினு போறேன்னு வெச்சிக்க, அது என்னத் தள்ளிக்கினு வரும். நிக்க வேணாமா?"

அன்றிலிருந்து அவர் எங்கள் வாடிக்கையாளர். மாதம் ஒருமுறையாவது வருவார். அந்த வண்டியை அவர் தேற்றிய விதத்தை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே, அவர் வாங்கும் சாமானை வைத்துப் பார்த்தேன். பிரேக் முடிந்த பிறகுதான் இன்ஜின். இழுக்கும்போது சூடேறும் என்று லாரி ரேடியேட்டர் ஒன்றை வெட்டி ஒட்டி முன்னால் பொருத்தினார். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூட்டினார். இழுவைக் கொக்கியை எல்லாரும் பம்பரில் பற்றவைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் சேசிஸோடு சேர்த்து போல்ட் போட்டார். அந்த போல்ட்டுக்காக என்னை நாலு முறை கோடவுனுக்கு ஓடவிட்டார். பளபளவென்று இருந்ததை எல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது வேணாம், வேற காட்டு" என்று தள்ளிவிட்டார். நான் கத்தினேன். அவர் பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மண்ணுக்கு அடியில வெளையறது ஆவாதும்பீங்களே உங்க வூட்ல. மல்லாட்டை மட்டும் எப்பிடி உள்ள போவுது?"

"அது கிழங்கு இல்லண்ணே, பயறு."

"ருசியா இருந்தா பயறு. சரி, போல்ட்ட எடு."

இப்படித்தான் என் கோபத்தை அடக்குவார். இப்போது அடக்க ஆள் இல்லை, நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் ஆறு பெருகி, ரோடு எல்லாம் தண்ணீரில் போனது. அண்ணன் நாள்கணக்கில் வீட்டுக்குப் போகவில்லை. பால் வண்டி, பள்ளிக்கூட வேன், நெல் மூட்டையோடு நின்ற மினி லாரி என்று இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிந்ததும் ஊரார் கொஞ்சம் பேர் சால்வையோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். சாமான் கொடுக்க நானும் போயிருந்தேன். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அச்சுக்குள் இருந்த எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வடிந்துகொண்டிருந்தது. அதை முழுக்க இறக்கிப் புது எண்ணெய் ஊற்றாவிட்டால் உள்ளே பல் சக்கரம் தேய்ந்துபோகும். அவர் வெளியே வரவே இல்லை.

"கேட்ல மாட்டிட்டுப் போங்க. இத உட்டுட்டு வந்தா பேஜாராயிடும்" என்று கீழிருந்தே குரல் கொடுத்தார். சால்வை கேட்டில் தொங்கியது. அன்று சால்வை கொண்டுவந்தவரின் கும்பிடும் கையும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தது.

அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்ற பட்டப்பெயரும் உண்டு. செங்கல் சூளைக்காரர் ஒருவரின் டிரெய்லரை இழுக்கப் போனவர், இணைக்கும் ஆணிக்குப் பதிலாக முறுக்குக் கம்பியை வளைத்துச் செருகியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுல நான் இழுக்க மாட்டேன்" என்று திரும்பி வந்துவிட்டார். அவர்கள் வேறு டிராக்டரை வைத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தார்கள், டீக்கடையில் வைத்துச் சிரித்தார்கள். நான் கொதித்தேன். அண்ணன் கொதிக்கவில்லை. "போய் சேந்துட்டாங்களா? நல்லதா போச்சு" என்றார். எங்கே நிறுத்தினாலும், மேட்டில் நிறுத்தினால் கட்டாயமாக, இறங்கி வந்து பின்னால் இருக்கும் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார். தேர்ச்சக்கரத்துக்குப் போடுவதைப் போன்ற கட்டைகள், அவரே வேல மரத்தில் செதுக்கியவை. அதற்கும் சிரித்தார்கள்.

இனி அந்த நாள். நான் அங்கே இல்லை. கரும்பு வெட்டும் வள்ளி இருந்தார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று பாலத்துக்கு ஏறும் சாலை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. இழுத்து வந்த டிராக்டர் கோளாறு. ஆலைக்குப் போகும் முறை தவறிவிடும் என்று டிரெய்லர்காரர் துடித்தார். அண்ணன் வந்தார். பாதிக் கரும்பை இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். ஆணியை மாற்றி, தன்னுடையதைப் போட்டார். சங்கிலி கட்டினார். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "இது ஒடஞ்சி ஒட்ட வெச்சதா?" என்று கேட்டிருக்கிறார். புதுசாக பெயிண்ட் அடித்திருந்தது.

"அதெல்லாம் இல்ல, போன மாசம்தான் மாத்துனேன். ஜல்தி இழுங்க" என்று டிரெய்லர்காரர் சொன்னார். வள்ளி காதால் கேட்டார்.

அது பொய். உடைந்த கம்பியை ஒட்டவைத்து மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள்.

பாதி ஏற்றத்தில் எதிரே பஸ் வந்தது. பாலம் குறுகல். அண்ணன் நிறுத்தினார். வண்டி நின்றது, டிரெய்லரும் நின்றது. கரும்பு இறக்கிய பெண்கள் பின்னாலேயே நடந்து வந்தவர்கள், களைத்துப்போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணன் வழக்கம்போல இறங்கி வந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். "எழுந்து அந்தாண்ட போங்கம்மா, வண்டிக்குப் பின்னாடி குந்தாதீங்க" என்று அதட்டினார். அடுத்த பக்கத்துக்கு இரண்டாவது கட்டையோடு போனார். அப்போதுதான் ஒட்டவைத்த இடம் விட்டது, கம்பியின் முன்பாதியில் கட்டியிருந்த சங்கிலியும் அதோடு போனது. ஒரு சக்கரத்தைக் கட்டை பிடித்துக்கொண்டதால் டிரெய்லர் கீழே ஓடவில்லை. அங்கேயே திரும்பி அவர் பக்கம் சாய்ந்தது. கரும்பு மொத்தமும் அவர்மேல் விழுந்தது.

பிக்கப் நிறுத்திய இடத்திலேயே நின்றது. எழுந்து ஓடிய பெண்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. ரோட்டில் வழி விடவேண்டும் என்று யாரோ பிக்கப்பைக் கீழே இறக்கி நிறுத்தினார்கள். போலீஸ் வருவதற்குள் டிரெய்லரை நிமிர்த்தி எடுத்துப் போய்விட்டார்கள், மறுநாள் அதற்குப் புதுக் கம்பி வந்துவிட்டது. கீழே நின்ற பிக்கப்பைப் பார்த்தவர்கள், அது பின்னால் உருண்டு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். "பழைய வண்டி" என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது. வண்டியைப் புதிதாக வாங்கி, பிரேக் ஆயில் எங்கே ஊற்றுவது என்றுகூடத் தெரியாமல் ஓட்டுகிற மகராசர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள்.

அடக்கத்துக்கு டிரெய்லர்காரரும் பெரிய மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, "தங்கமான மனுஷன். வண்டிய மாத்துங்க மாத்துங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்றார்.

"உங்க கம்பிய மாத்துனீங்களா?" என்று நான் கேட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. ஃபாதர் ஜெபத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அண்ணனின் மனைவி மேரி அண்ணி மறுநாள் என் கடைக்கு வந்தார். போலீஸ் நிலையத்தில் நிற்கும் பிக்கப்பை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருவார் என்றும், பிரேக் கோளாறு என்று எழுதிவிட்டால் வழக்கே அண்ணன் பேரில்தான் முடியும் என்றும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"அவர செத்துட்டாருன்னு எழுதட்டும் பத்மா. குத்தவாளின்னு எழுதக்கூடாது" என்றார் அண்ணி.

நாங்கள் இருவரும் வள்ளியை அழைத்துக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்தோம். வள்ளி பார்த்ததை எல்லாம் சொன்னார். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார், கெட்ட மனிதர் இல்லை. ரோட்டில் ஓட்டி பிரேக் போட்டுப் பார்ப்பேன், அதுதான் வழக்கம் என்றார்.

"அவரு சம ரோட்லயா சார் செத்தாரு?" என்று அண்ணி கேட்டார். "அதே ஏத்தத்துல, அதே மாதிரி லோட மாட்டி நிறுத்திப் பாருங்க. நின்னா நின்னுச்சின்னு எழுதுங்க. நிக்கலன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

"அப்பிடியெல்லாம் முறை இல்லம்மா."

"பாக்காமலே எழுதறதுக்கு முறை இருக்குதா?" என்று நான் கேட்டேன். அண்ணி என் கையை அமுக்கினார். ஆய்வாளர் பேனாவை மூடினார். பிறகு, "டிரெய்லர் கொண்டாந்தீங்கன்னா பாக்கறேன்" என்றார்.

டிரெய்லர் கிடைத்தது. அண்ணன் ஒரு மழைக்காலத்தில் சேற்றிலிருந்து மீட்டுக் கொடுத்த விவசாயி ஒருவர் கரும்போடு கொண்டுவந்து நிறுத்தினார். அரைச் சுமை இல்லை, முழுச் சுமை. செய்தி பரவி, பாலத்துக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. டிரெய்லர்காரரும் ஓரமாக நின்றார்.

ஆய்வாளரே ஓட்டினார். வண்டி முனகாமல் ஏறியது. பாதி ஏற்றத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தவர் அலறினார்: "யாரது பின்னாடி? அந்த அம்மாவ நகரச் சொல்லுங்க!"

டிரெய்லருக்குப் பின்னால், சக்கரத்துக்கு நேராக, மேரி அண்ணி நின்றுகொண்டிருந்தார். எப்போது போய் நின்றார் என்று யாரும் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணி, இந்தாண்ட வாங்க!"

"உடு பத்மா. அவரு போட்ட பிரேக்கு. நான் நிப்பேன்."

வள்ளியும் ஓடிவந்தார். இழுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி பக்கத்தில் நின்றுவிட்டார். அந்த பிரேக் ஷூவையும் சிலிண்டரையும் விற்றவள் நான். விற்ற சாமானை நம்பி நிற்காவிட்டால் நாளை எந்த முகத்தோடு கடையைத் திறப்பேன்? நானும் நின்றேன்.

கரும்புச் சுமை எங்கள் தலைக்குமேல் சரிந்தாற்போல உயர்ந்திருந்தது. ஆய்வாளர் காலை எடுக்கப் பயந்து உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. பிறகு யாரோ ஓடிவந்து இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டார்கள். ஆய்வாளர் இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மூவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து, பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதினார். டிரெய்லர்காரரைத் தேடினோம், கூட்டத்தில் காணவில்லை. இப்போது போலீஸ் அவரைத் தேடுகிறது.

அண்ணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வெட்டிய கரும்பின் நுனிகளில் முகத்தை வைத்துக்கொண்டு, அடக்கத்தன்று அழாத அழுகையை எல்லாம் அழுதார். அழுது முடியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று ஆய்வாளரே தடுத்து நிறுத்தினார்.

அண்ணே, நிம்மதியாகப் போங்கள். உங்களைப் பற்றி ஊர் பேசிய அந்த ஏற்றத்தில், உங்கள் வண்டிக்குப் பின்னால் நாங்கள் மூன்று பெண்கள் நின்றோம். அது எங்கள் பக்கம் இம்மிகூட நகரவில்லை.