கூரைக்குள் போன மழைக்கல்

வடமதுரைப் பக்கம் எங்கள் சோளக்காட்டு ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு குத்துக்கல் நின்றது. ஊர் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பு, செத்துப்போன யாருக்கோ நட்டது என்று கல்லூரியிலிருந்து பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அது மழைக்கல். மழை இல்லாத வருஷங்களில் பெண்கள் நாங்கள் குடம் குடமாகச் சுமந்துபோய், தலையிலிருந்து அடிவரை நனைய ஊற்றுவோம். மற்ற நாளெல்லாம் ஆடுகள் அதில் முதுகு சொறியும். யாரும் குறை சொன்னதில்லை.

போன வருஷம் என் கொழுந்தனும் இன்னும் சிலரும் அதற்குக் கான்கிரீட் கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, கம்பிக்கதவும் வைத்தார்கள். இந்தக் கோடையில் குடத்தோடு போன எங்களைக் கொழுந்தன் கதவருகே மறித்தான்.

“பொம்பளைக உள்ள வரக்கூடாது மதினி, தீட்டு. கொடத்தக் குடுங்க, பூசாரி ஊத்துவாரு.”

“ஆடு ஒரசுனப்ப வராத தீட்டா?” என்றேன். அவன் குடத்தை வாங்கிப் பூசாரியிடம் நீட்டினான். பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்து, கற்பூரம் காட்டினார்.

பூசை முடிவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் எல்லாரும் உள்ளே ஓடிப்போய்க் கல்லோடு ஒண்டிக்கொண்டார்கள். எங்களுக்குக் கதவு திறக்கவில்லை. நாங்கள் தொப்பலாக நனைந்தோம். மழைக்கல்லின் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை.