தேத்தண்ணி வாங்கிய கை

மூளையில் நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு கலம் அனுப்பும் இரசாயனச் செய்தியை அடுத்த கலத்தின் மேலிருக்கும் வாங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. சில வாங்கிகள் அதோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்தையும் பற்றிக்கொண்டு, இணைப்புக் கலைந்துபோகாமல் காக்கின்றன. இதைத்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் என் ஆய்வுத் திட்டத்தை ஒருமுறை திருப்பிவிட்டார்கள். "செய்தி வாங்குறது எப்பிடிப் பிடிச்சும் வைக்கும்? அடுத்த முறையும் விளங்கப்படுத்தாட்டி வேற தலைப்புப் பாருங்க" என்றார் பேராசிரியர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். பொறுக்கமாட்டாமல் அண்ணன், இறால் வலை பார்க்கப் போகும்போது என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாவியில் கல்லடிப் பாலம் தாண்டியதும், நாங்கள் மூத்தவர் என்ற மரியாதையில் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடிக்காரர் தன் தோணியை எங்களுடையதோடு அணைத்தார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். பெரியவர்களிடம் இரண்டு கையாலும் வாங்கிப் பழகியவள் நான். பவ்வியமாக இரண்டையும் நீட்டினேன். தோணிகள் மெல்ல விலகின. கோப்பையை விட மனம் வரவில்லை. எட்டினேன், இன்னும் எட்டினேன், தொபுக்கடீர் என்று விழுந்தேன். நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர்தான்.

"ஊத்துற ஆளுக்கு ரெண்டு கையிலயும் வேலை புள்ள. வாங்குற ஆள்தான் மற்றக் கையால அவர்ர தோணியப் பிடிக்கணும். இது தெரியாம என்ன படிப்புப் புள்ள?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குக் கோபமே வரவில்லை. சேற்றில் நின்றபடி, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். தோணியில் நடந்ததை, நான் விழுந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ஒரே ஆள், ஒரு கை வாங்குகிறது, மறு கை பிடிக்கிறது. வாங்கியின் வெளியே நீண்டிருக்கும் பகுதிக்கும் அந்தப் பிடிக்கும் வேலை உண்டு என்றேன். அவருடைய கண்ணாடி நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

"தோணிக் கதை மட்டும் காணாது. சோதனை செய்து காட்டுங்க, தொடங்கலாம்" என்றார்.

சந்தோசத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அப்போது அவர் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை நீட்டினார். மரியாதையைப் பார்க்காமல் ஒரு கையாலேயே வாங்கினேன். மற்றக் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.