சுடலைமுத்துவுக்குக் கொடுத்த வானம்

புதிதாக அச்சாகி மிஷினிலிருந்து இறங்கும் ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் சேர்ந்து சூடேறின மாதிரி மூக்கில் ஏறும் அந்த வாடை, தாராவியில் நான் வளர்ந்த சந்தில் யாராவது இறந்துபோனால் ஊதுபத்தி வாடைக்கும் மாலை வாடைக்கும் முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்து அது. மூச்சு நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் முனையில் 'கண்ணீர் அஞ்சலி' தட்டி ஏறவில்லை என்றால், "கேக்க ஆளில்லாமலா செத்தாவ?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். தட்டியில் இறந்தவரின் முகம் இருக்கும், பெயரும் சொந்த ஊரும் இருக்கும், முகத்துக்குப் பின்னால் சிவந்து கிடக்கிற ஒரு அந்திவானம் இருக்கும். அந்த வானங்களையெல்லாம் எடுத்தவர் என் அப்பா.

இன்றைக்கு ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்து, மறைகிற சூரியனைப் படம் எடுத்து, "என்ன அழகு" என்று எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்திவானம் என்றால் எனக்குச் செத்தவர் வீடுதான்.

அப்பா முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தொழில் படுத்தபிறகு ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தட்டி அமைக்கிற வேலைக்குப் போனார். கம்ப்யூட்டரோடு வந்த ரெடிமேட் மேகங்கள் அவருக்கு ஆகாது. "இது எந்த ஊரு வானம்னே தெரியல, இதைப் போயி நம்ம ஆளுக்குப் பின்னால வைக்கவா?" என்பார். அதனால் வானம் சரியாக இருக்கும் நாட்களில், சாயங்காலம் கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு ரயில் பாலத்தைக் கடந்து மாகிம் கடற்கரைக்குப் போய்விடுவார். கூடவே நானும். அம்மாவுக்கு டிபி வந்திருந்தது. "புள்ளைய என் மூச்சுக்குள்ளேயே அடைச்சு வைக்காதீங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று அவள் விரட்டிவிடுவாள்.

வானத்தை எடுப்பது மற்றவர்கள் நினைக்கிறபடி சூரியனை எடுப்பது இல்லை. மேகம் துளியும் இல்லாத நாளில் அப்பா கேமராவை வெளியே எடுக்கவே மாட்டார். மேகம் அடிவானத்தை ஒட்டி மூடியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. மேலே திட்டுத் திட்டாக மேகம், கீழே ஒரு விரல் அகலத்துக்குத் திறப்பு, அப்படி இருக்க வேண்டும். சூரியன் கடலுக்குள் இறங்கியதும் கரையில் நின்ற கூட்டம் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பிவிடும். அப்பா அப்போதுதான் முக்காலியை ஊன்றுவார். "ஆளு போன பெறவுதான் வீட்டுல கூட்டம் சேரும். சூரியனும் அப்படித்தாம்ட்டி" என்பார். சொன்னபடியே பத்து நிமிஷத்தில் மேகங்களின் அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடுப்பார், சிவப்பு இன்னும் ஆழமாக விழும். கடலைப் படத்தின் கடைசி ஓரத்தில் ஒரு கோடு போல விட்டுவிட்டு மேலே முழுக்க வானமாகவே வைப்பார். அந்த இடம் ஆளுக்கு. யார் என்று அப்போது தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு வானத்தை ஒருவருக்குத்தான் போடுவார். போட்டதும் அதைத் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுவார், மறுபடி தொடமாட்டார். கடைக்காரர் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தாலும் அப்பா மசியவில்லை. "ஒருத்தனுக்குப் போட்ட கோடித்துணிய உருவி இன்னொருத்தனுக்குப் போடுவமா?" என்று கேட்டார். சந்தில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருநாள் அம்மாவும் எங்களோடு கடற்கரைக்கு வந்தாள். பாலத்துப் படிகளில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். அம்மா பிறந்தது திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். மணலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "எங்க ஊர்ல கடலுக்குள்ள இருந்து சூரியன் வெளிய வரும். இங்க என்னடான்னா கடல்ல போயி விழுது. எல்லாமே தலைகீழால்லா இருக்கு இந்தப் பட்டணத்துல" என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. அன்றைக்கு வந்ததைப் போல ஒரு வானத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மஞ்சளும் செம்பருத்திச் சிவப்பும் மேலே போகப்போக ஊதாவுமாக, கடலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. வலது ஓரத்தில் மீன்காரர்கள் நட்டிருந்த ஒரு மூங்கில் கழி சாய்ந்து நிற்க, அதன் நுனியில் ஒரு காக்கை. அம்மா கேமராவின் சின்னத் திரையில் வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். என்னை வேர்க்கடலை வாங்கிவர அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வானத்தை அப்பா யாருக்கும் போடவில்லை. நாலைந்து மாதம் கழித்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் கடையில் எனக்கு ஒரு வேலை இருந்தது: அப்பாவோடு வேலை பார்த்த இர்ஃபான் பாய்க்குத் தமிழ் தெரியாது, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடிப்பார், தட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் படித்துச் சொல்வேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், வானங்களுக்கு நடுவில் 'வீட்டுக்கு' என்று பெயர் போட்ட கோப்புறை ஒன்றைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம். சாய்ந்த கழி, காக்கை. அந்த மாதம் அம்மாவால் குடத்தைத் தூக்க முடியாமல் போயிருந்தது, கோழையில் ரத்தம் வந்திருந்தது. எனக்குப் பதினோரு வயது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிகிற வயதுதான். அப்பா அம்மாவுக்கு வானம் எடுத்து வைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அடப் பாவி மனுஷா, அவள் உயிரோடு இருக்கிறாளே என்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் அப்பா அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டி வந்தது. அப்போது எங்கள் பின்சந்தில் சுடலைமுத்து என்பவர் இறந்துபோனார். தோல் ஊறப்போடுகிற பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அவர் மனைவி ரேஷன் கார்டிலிருந்து கிழித்த படத்தோடு கடை வாசலில் வந்து நின்றார். இர்ஃபான் பாய் பெயரை அடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பேட்டி, கௌன்ஸா ஆஸ்மான்?" என்றார். எந்த வானம், மகளே?

நான் எழுந்துபோய் மவுஸைப் பிடித்து 'வீட்டுக்கு' கோப்புறையைத் திறந்தேன். "யே? பக்கா?" என்று படத்தைக் காட்டிக் கேட்டார். "பக்கா. அப்பா போலா" என்றேன். அப்பா சொல்லவில்லை, பொய். ஒரு வானம் ஒருவருக்குத்தான் என்பது அப்பாவின் சட்டம். இந்த வானம் செலவாகிவிட்டால் அம்மாவுக்கு வானம் இல்லை. வானம் இல்லாமல் அம்மா எப்படிச் சாவாள்? அதுதான் என் கணக்கு. மிஷினிலிருந்து தட்டி இறங்கியதும் சுடலைமுத்துவின் மனைவி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "ராசா மாதிரில்லா இருக்காவ... உசுரோட இருக்கையில ஒரு நாளாவது இப்படி வெளிச்சத்துல நின்னாவளா" என்று அழுதுகொண்டே என் கன்னத்தைத் தடவி விரலை முத்திக்கொண்டார். நான் நெளிந்தேன்.

இரண்டாம் நாள் டாக்ஸியிலிருந்து முனையில் இறங்கிய அப்பாவும் அம்மாவும் தட்டிக்கு நேர் கீழே வந்து நின்றார்கள். நான் எதிரில் ஓடினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படியே வாடிப்போனதை நான் பார்த்தேன். அப்பா விறுவிறுவென்று கடைப் பக்கம் திரும்பினார். அம்மா அவர் கையைப் பிடித்து, "இருக்கட்டும், விடுங்க. அவுகளும் ஒருத்தி பெத்த புள்ளதான" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வானம் தனக்குத்தான் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது.

அந்தச் சித்திரையில் அம்மா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். தானே தலை வாரிக்கொண்டாள். எல்லாம் என்னால்தான் என்று நம்பினேன். மழை பிடித்துக்கொண்டதும் நிலைமை மாறியது. சந்தில் தட்டிகளுக்குக் காரியம் முடிந்தபின் ஒரு வேலை உண்டு, ஒழுகுகிற கூரைமேல் விரித்துச் செங்கல் வைத்துவிடுவார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க ரயில் பாலத்தின்மேல் நின்றால், கறுத்த தகரங்களுக்கு நடுவே சுடலைமுத்து வீட்டுக் கூரையில் மட்டும் அந்த வானம் மழையில் நனைந்துகொண்டு சிவப்பாகக் கிடப்பது தெரியும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அது தெரிந்தது.

அம்மாவின் தட்டிக்கு அப்பா 'வீட்டுக்கு' கோப்புறையைத் திறக்கவே இல்லை. வேறு எதையும் திறக்கவில்லை. கொட்டுகிற மழையில் ஒரு பாலித்தீன் பையைக் கேமராவுக்குப் போர்த்திக்கொண்டு பாலத்துக்குப் போய், சூரியனே இல்லாத அன்றைய வானத்தை ஒரு படம் எடுத்துவந்து போட்டார். சாம்பல் நிறத்துக்கு முன்னால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் நான் வயதுக்கு வந்தேன். காட்கோபரிலிருந்து அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தாயில்லாப் புள்ளன்னு சடங்கை விட்டுராத அண்ணே, சின்னதா ஒரு தட்டியாவது போடு" என்றாள். அப்பா எழுந்துவந்து, நான் தனியாக உட்கார்ந்திருந்த மூலைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, அந்த வானத்தைச் சுடலைமுத்துக்குப் போடச் சொன்னது நீதான்னு இர்ஃபான் அன்னைக்கே சொல்லிட்டான். கேக்கக்கூடாதுன்னு உங்கம்மா சொன்னா, கேக்கல. இப்ப கேக்கேன். ஏம்ட்டி குடுத்த?"

"அம்மாவுக்கு எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேம்ப்பா. வேற ஆளுக்குக் குடுத்துட்டா அம்மா சாவ மாட்டான்னு..."

"உங்கம்மாவுக்கு நான் எதுக்குட்டி எடுத்து வைக்கப் போறேன்? அவ சாவான்னா நெனச்சேன்?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது உனக்கு. உன் சடங்குக்குப் போடணும்னு அவதான் எடுத்து வைக்கச் சொன்னா. அடையுத சூரியன நல்ல காரியத்துக்குப் போடலாமான்னு கேட்டேன். தட்டியப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புங்க, நம்ம ஊரு ஆளுவ கடல்ல சூரியனப் பாத்தா உதிக்குதுன்னுதான சொல்லுவாவன்னா. தான் இருக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல."

தட்டி போடவில்லை. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடமாட்டார், வேறு வானத்தைப் போட அவருக்கு மனம் வரவில்லை. அதன்பின் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போனதும் இல்லை. முனையில் ஏறுகிற தட்டிகளுக்குக் கம்ப்யூட்டர் மேகங்களே போதும் என்று ஆகிவிட்டது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கடை இல்லை, சந்தில் பாதியை இடித்துவிட்டார்கள், அந்தக் கம்ப்யூட்டர் எத்தனை கை மாறியதோ தெரியாது. நான் கோவண்டியில் ஒரு கட்டிடத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறேன். சாயங்காலங்களில் தேவ்நார் குப்பைமேட்டுப் புகை ஏறி வானம் சிவக்கிறபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் படம் எடுக்க ஜன்னலுக்கு ஓடுவார்கள், நான் திரையை இழுத்துவிடுவேன். போன மாதம் என் மகள் வயதுக்கு வந்தாள். தட்டி போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. செம்பூரில் ஒரு கடைக்குப் போய் மகளின் படத்தைக் கொடுத்தேன். கடைக்காரர் பின்னணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சாய்ந்த மூங்கில் கழியும் அதன் நுனியில் காக்கையும் வந்தன.

"யே லே லோ மேடம், இதையே எடுத்துக்குங்க, சன்ரைஸ். பர்த்டே, சடங்கு எல்லாத்துக்கும் இதான் போவுது" என்றார்.

நீ சொன்னதுதான் சரி அம்மா, ஊர்க்காரர்கள் மட்டுமில்லை, இங்கே இருக்கிறவர்களே உதிக்கிறது என்றுதான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "வேண்டாம், இதை ஒருத்தருக்குக் குடுத்தாச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். எத்தனையோ வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் என் அம்மா எடுத்துவைத்த சூரியன் உதித்துக்கொண்டிருக்கிறது. என் மகள் ஒரு ரோஜாத் தோட்டத்துக்கு முன்னால் நிற்கிறாள்.