மிதித்தால் எழாத கிளச்

எங்கள் காரின் கிளச் எந்த நாளில் இளகத் தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த மாதங்களில் வீட்டிலும் என் உடம்பிலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தன. அதற்குள் ஒரு பெடல் வழக்கத்தைவிட லேசாக இறங்குவதைக் கவனிக்க மனம் இருக்கவில்லை.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஜெயபுரத்திலிருந்து அக்கராயன் வழியாகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நான்கு மணித்தியாலம் மெஷினோடு படுத்து, இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, அதே வழியால் திரும்பவேண்டும். முப்பது வருடம் லொறி ஓடிய மனிதர் அவர். ஒருநாள் மெஷினை விட்டு எழும்பி வந்து வாசலில் மயங்கி விழுந்ததிலிருந்து டொக்டர் அவரை ஸ்டியரிங்கில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, பள்ளிக்கூடத்து ரீச்சர் வேலையால் ஓய்வுபெற்ற கையோடு லைசென்ஸ் எடுத்த நான்தான் காரை ஓடினேன். அவர் இடப்பக்கச் சீட்டில் இருந்து வாயால் ஓடினார்.

முதலில் கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வந்தது. பிறகு முதலாம் கியர் விழ மறுத்தது. பெடலை இரண்டு மூன்று தரம் குத்திக் குத்தி மிதித்தால் விழுந்தது.

"நீர் கிளச்சில காலை வைச்சுக்கொண்டே ஓடுறீர்," என்றார் அவர். "அதுதான் பழுதாகுது."

"நான் வைக்கிறேல்லை."

"எனக்குத் தெரியாதே? எத்தினை பேரைப் பாத்திருப்பன்."

அதன்பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். கியர் மாற்றியவுடன் இடதுகாலைச் சீட்டுக்குக் கீழே இழுத்துக்கொள்வேன். சத்தம் நிற்கவில்லை. அவர் சொல்வதும் நிற்கவில்லை. கடைசியில் எனக்கே என் காலில் நம்பிக்கை போய்விட்டது.

அந்த நாட்களில் ஒரு காலை, காரைக் கூட்டித் துடைக்கும்போது என் பக்கத்துக் கால்மிதி நனைந்திருப்பதைக் கண்டேன். அவருக்கு ஒருநாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டொக்டர் அளந்து கொடுத்திருந்தார். சீட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் போத்தலில் அதை வைத்துக்கொண்டு, உதட்டை நனைப்பதுபோலக் குடிப்பார். எனக்குத் தெரியாமல் கூடுதலாகக் குடிக்கிறார், அந்த அவசரத்தில் ஊற்றியும் விடுகிறார் என்று முடிவுகட்டி, அவர் காரில் ஏறியதும் கேட்டேன்.

"காலெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கு. அதுக்குள்ள களவாய்த் தண்ணி குடிக்கிறியளோ?"

"நான் குடிக்கேல்லை," என்றார்.

"அப்ப இந்த ஈரம் எங்கால வந்தது?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நாங்கள் கதைக்கவில்லை. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குக் கதைக்காமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் அன்றைய மௌனம் பாரமாக இருந்தது.

அக்கராயனில் வேப்பமரத்துக்குக் கீழே தகரக் கொட்டிலில் தனியாளாய்க் கராஜ் நடத்துகிற ஒருவரிடம் காரைக் காட்டினோம். நாற்பது வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். பெடலைக் கையால் அமத்திப் பார்த்துவிட்டு, "கிளச் பிளேட் முடிஞ்சிட்டுதோ தெரியேல்லை. கியர் பொக்ஸைக் கழட்டித்தான் பாக்கோணும்," என்றார்.

"பிளேட் தேய்ஞ்சா எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது," என்றார் என் கணவர் சீட்டில் இருந்தபடியே. "இது நல்லா இழுக்குது. கியர்தான் விழுகுதில்லை. ரெண்டு தரம் மிதிச்சா விழுகுது. இது ஒயில் பக்கத்துப் பிரச்சினை தம்பி."

 மெக்கானிக் பொனெற்றைத் திறந்து, கிளச்சுக்கு ஒயில் ஊற்றுகிற சின்னக் குப்பியைப் பார்த்தார். பாதிக்குமேல் குறைந்திருந்தது. கிளச் பெடலுக்கு மேலே ஒரு பம்ப், கியர் பொக்ஸ் பக்கத்தில் கீழே ஒரு பம்ப். நாங்கள் மிதிக்கும்போது மேல் பம்ப் ஒயிலைத் தள்ள, கீழ் பம்ப் கிளச்சை விலக்கும். இடையில் ஒயில் ஒழுகினாலோ காற்றுப் புகுந்தாலோ பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இதை எனக்கு விளங்கப்படுத்தியது மெக்கானிக் இல்லை, என் கணவர். வழமையாகப் பழுதாவது கீழ் பம்ப்தான் என்று அதன் ரப்பரை மாற்றி, காற்றெடுத்து, ஒயிலை நிரப்பித் தந்தார் மெக்கானிக். நான்கு நாள் நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அக்கராயனைத் தாண்டியதும் வளைவில் மாடுகள் றோட்டை மறித்துப் படுத்திருந்தன. கிளச்சை மிதித்தேன். பெடல் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தரைக்குப் போனது. போனது போனதுதான், திரும்பி எழவில்லை. பிரேக்கை அமத்தியதும் கார் துள்ளிக் குலுங்கி நின்றுவிட்டது. கால் பெருவிரலைக் கொடுத்துப் பெடலைக் கீழிருந்து தூக்கிப் பார்த்தேன். தூக்கின இடத்தில் நின்றது, மிதித்தால் செத்த பாம்பு மாதிரி விழுந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். நாலரைக்கு எழும்பி, சமைத்து, அவரைக் குளிக்கவைத்து, உடுப்பு மாற்றி, கோழிகளுக்குத் தீன் போட்டு வந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. அப்படியே நித்திரை கொண்டால் போதும் என்று இருந்தது.

"இஞ்சரும்," என்றார் அவர். "கிளச்சை மறவும். இனி அது இல்லை எண்டு நினையும்."

"கிளச் இல்லாமல் எப்பிடிப் போறது?"

"போகலாம். எஞ்சின் திறப்பை ஓவ் பண்ணும். முதலாம் கியருக்குப் போடும். எஞ்சின் நிண்டிருக்கேக்க விழும்." விழுந்தது. "இப்ப கியரில இருக்கேக்கயே ஸ்ரார்ட் பண்ணும். துள்ளும், பயப்பிடாதேயும்."

மாடுகள் எழும்பி விலகும்வரை பார்த்திருந்து திறப்பைத் திருப்பினேன். கார் தவளைபோலப் பாய்ந்து, இரண்டு தரம் உதறி, ஓடத் தொடங்கியது.

"இப்ப அக்சிலேட்டரை மெல்ல விடும். கியரை நடுவுக்கு இழுத்து விடும். பொறும். எஞ்சின் சத்தம் இறங்கட்டும். இறங்குது, இறங்குது… இப்ப ரெண்டுக்குத் தள்ளும்."

ஒரு சத்தமும் இல்லாமல் கியர் விழுந்தது. எனக்கு நம்பமுடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வீங்கிய இமைகளுக்குள் கண்கள் றோட்டிலேயே இருந்தன. சிறுநீரக வருத்தம் வந்ததிலிருந்து அவர் குரலில் ஒரு எரிச்சல் குடியேறியிருந்தது. அன்று அது இல்லை. முன்னுக்கு ஒரு சைக்கிள் வந்தாலும் எவ்வளவு தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று தணிவாய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏ-9 வீதியில் ஏறும்போது மட்டும் எஞ்சினை நிறுத்தி, திரும்ப முதலாம் கியரில் துள்ளிக்கொண்டு ஏறினோம். பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டினார். ஆஸ்பத்திரிக்குள் போய்த் திறப்பை ஓவ் பண்ணியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அரை மணித்தியாலம் பிந்தியிருந்தோம். தாதி அவரைக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

திரும்பும்போது அவர் வழமைபோல வெளிறிப்போய்ச் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சொல்லித்தர ஆள் இல்லை. நானே துள்ளவைத்து, நானே சத்தத்தைக் கேட்டு, இரண்டாம் கியருக்கு மாற்றி, அக்கராயன் கராஜ் வரை அதே கியரில் ஊர்ந்து வந்தேன்.

மெக்கானிக் திரும்பக் கீழே புகுந்து பார்த்தார். "கீழ் பம்ப் காய்ஞ்சு கிடக்கு ரீச்சர். மேல குப்பியில ஒயில் இல்லை. அப்ப எங்கதான் போகுது?"

மெக்கானிக் கதவைத் திறந்து பெடல் பக்கம் குனிந்தார். கால்மிதியைத் தூக்கினார். அடியில் கம்பளம் கறுத்து ஊறியிருந்தது.

"அது இவற்ற தண்ணிப் போத்தில் ஒழுகினது," என்றேன்.

மெக்கானிக் விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கும் நடுவில் உரசி, மணந்து பார்த்தார். "இது தண்ணி இல்லை ரீச்சர். கிளச்சுக்கு ஊத்துற பிரேக் ஒயில். மேல் பம்ப் உள்ளுக்குள்ள ஒழுக விட்டிட்டுது. பெடல் கம்பியால வடிஞ்சு இஞ்ச இறங்கியிருக்கு. வெளியில ஒரு சொட்டும் தெரியாது."

என் கணவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை நெற்றியில் வைத்து மறுபடி மூடிக்கொண்டார். துடைத்த துணியின் வழவழப்பை அன்றே என் கை உணர்ந்துதானே இருக்கும்? மணந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. ஏசுவதற்கு மட்டும் கிடைத்திருந்தது.

அந்தப் பழைய ஜப்பான் காருக்குப் புது மேல் பம்ப் வவுனியாவில் ஒரு கடையில்தான் இருந்தது. பஸ் கொண்டக்ரரிடம் கொடுத்துவிட்டார்கள். அது வந்துசேர நாலு நாள் ஆனது, அதுவரை கார் கராஜிலேயே நின்றது. இடையில் வந்த வெள்ளிக்கிழமைக்கு ஓட்டோவில் போனோம். போகும்போதும் வரும்போதும் அவர் குமட்டிச் சத்தி எடுத்தார்.

சனிக்கிழமை காரை எடுக்கப் போனபோது பம்பைப் பொருத்திப் பூட்டியாயிற்று, காற்றெடுப்பதுதான் பாக்கி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்து அமத்திப் பிடிக்க, மற்றவர் கீழே ஆணியைத் தளர்த்திக் காற்றை வெளியே விடவேண்டும்.

"நான் மிதிக்கிறன்," என்று என் கணவர் கதிரையை விட்டு எழும்பி ஸ்டியரிங் பக்கம் போய் ஏறினார். நான் தடுக்கவில்லை. எஞ்சின் ஓடவில்லைத்தானே.

"மூண்டு தரம் மிதிச்சு அப்பிடியே அமத்திப் பிடியுங்கோ அண்ணை," என்றது காருக்குக் கீழிருந்து குரல்.

மிதித்தார். பிடித்தார். முழங்கால் நடுங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் தொடையை அமத்திப் பார்த்தார். கால் வழுகிப் பெடல் மேலே வந்துவிட்டது.

"விடாதேங்கோ அண்ணை! விட்டா காத்துத் திரும்ப உள்ள போகும்."

இரண்டாம் தரமும் அப்படித்தான் ஆனது. அவர் கதவைப் பிடித்து இறங்கி வந்து, "நீர் மிதியும்," என்றார்.

நான் ஏறி மிதித்தேன். "பிடியுங்கோ… விடுங்கோ… திரும்ப…" எத்தனை தரம் என்று தெரியாது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை விறைத்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் என் காலை எதிர்த்தது. கடைசியில், மாதக்கணக்காக மறந்திருந்த அந்தப் பாரம் திரும்பி வந்தது.

என் பக்கக் கதவடியில் நின்ற அவர் மெதுவாகச் சொன்னார். "உம்மட காலில பிழை இல்லை."

அந்தத் தண்ணீர்ப் பழிக்கு நானும் ஒன்று சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றதால் விழுங்கிவிட்டேன்.

"நான் ஒருக்கா அந்தச் சந்தி வரைக்கும் ஓடிப் பாக்கட்டே?" என்று கேட்டார் அவர். சின்ன விசயத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

சந்தி கூப்பிடு தூரம். றோட்டில் ஒரு வாகனமும் இல்லை. சற்றுமுன் நடுங்கிய அந்தக் கால்தான் எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றேன். "ஏறுங்கோ, வீட்ட போவம்."

மெக்கானிக் திரும்பித் தன் ஸ்பானர் சாவிகளை அடுக்கத் தொடங்கினார். என் கணவர் காரைச் சுற்றி நடந்து இடப்பக்கம் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். வழியில் கியர் வெண்ணெய்போல விழுந்தது.  அவர் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்து, பாதியில் நித்திரையாகிவிட்டார்.

அது நடந்து எட்டு மாதம். கிளச் இன்றுவரை தொந்தரவு தரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போய்வருகிறோம். வாயால் ஓடுவதையும் அவர் குறைத்துவிட்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஓடிப் பாக்கட்டே என்று பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தரம் மறுக்க எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியாது.